முப்படிச் சூத்திரம் யாருடையது? பெயர் ஒருவருக்கு, கண்டுபிடிப்பு இன்னொருவருக்கு

(எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை உரையாடுபவர்களின் புனைபெயர்கள்.)

1. சுழியம்

முப்படிச் சமன்பாட்டின் தீர்வைப் பாடநூல்கள் "கார்டானோ சூத்திரம்" என்கின்றன. கொஞ்சம் தோண்டினால் தார்த்தாலியா வருகிறார், இன்னும் தோண்டினால் தெல் ஃபெர்ரோ. மூவரும் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணிதர்கள், வழிமுறையை இரகசியமாக வைத்திருந்தார்கள் என்கிறார்கள். இணையத்தில் பாதிப் பேர் "கார்டானோ திருடிவிட்டார்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்குமா?

கூடவே இன்னொரு கேள்வி. இன்று நாம் எழுதும் குறியீடு எதுவும் அப்போது கிடையாது. அப்படியானால் அவர்கள் ஒளித்து வைத்தது சரியாக எதை?

2. கனமூலம்

தேதிகளைத் தருகிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பொலோன்யாவில் கணிதம் கற்பித்த ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ, ஏறத்தாழ 1515இல் ய³ + ப·ய = ம என்ற வகையைத் தீர்த்தார். ய தெரியாத எண்; ப, ம இரண்டும் மிகை எண்கள். அச்சில் விடவில்லை. அன்றைய இத்தாலியில் கணித ஆசிரியர்கள் பொதுவெளியில் ஒருவருக்கொருவர் சவால் விட்டுக்கொள்வார்கள். தோற்றால் பேரும் போகும், வேலையும் ஆட்டம் காணும். மற்றவருக்குத் தெரியாத ஒரு வழிமுறை கையில் இருப்பது அவர்களுக்கு ஆயுதம். 1526இல் இறப்பதற்குள் தெல் ஃபெர்ரோ அதைத் தம் மாணவர் ஃபியோருக்குச் சொல்லிவிட்டார். அவருடைய ஏடு மருமகன் தெல்லா நாவேயிடம் போய்ச் சேர்ந்தது.

1535இல் ஃபியோர், நிக்கோலோ தார்த்தாலியாவுக்குச் சவால் விட்டார். ஆளுக்கு 30 கணக்குகள். ஃபியோர் செய்த பிழை, தாம் கொடுத்த 30 கணக்குகளையும் இந்த ஒரே வகையில் அமைத்தது. வழி தெரிந்தால் எல்லாம் விழும், தெரியாவிட்டால் ஒன்றும் விழாது. பிப்ரவரி 12க்கும் 13க்கும் இடைப்பட்ட இரவில் தார்த்தாலியாவுக்கு வழி பிடிபட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முப்பதையும் முடித்தார். தார்த்தாலியா கொடுத்தவையோ பல வகைக் கணக்குகள், ஃபியோரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1539 மார்ச் 25, மிலான். வெளியே சொல்லமாட்டேன் என்று கார்டானோ சத்தியம் செய்தபின் தார்த்தாலியா வழிமுறையைச் செய்யுளாகக் கொடுத்தார். நிறுவல் கொடுக்கவில்லை. 1543இல் கார்டானோவும் அவர் மாணவர் ஃபெர்ராரியும் பொலோன்யா போய், தெல்லா நாவேயிடம் இருந்த தெல் ஃபெர்ரோவின் ஏட்டைப் பார்த்தார்கள். அதே வழி, தார்த்தாலியாவுக்கு ஏறத்தாழ 20 ஆண்டு முன்பே. 1545இல் கார்டானோவின் 'ஆர்ஸ் மாக்னா' வெளிவந்தது.

அந்த நூலின் 11ஆம் அத்தியாயத் தொடக்கத்திலேயே கார்டானோ முழு வம்சாவளியையும் சொல்கிறார்: ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பு தெல் ஃபெர்ரோ கண்டார், ஃபியோருக்குக் கொடுத்தார், ஃபியோருடன் நடந்த போட்டியால் தார்த்தாலியாவும் கண்டார், கெஞ்சிக் கேட்டதால் எனக்குக் கொடுத்தார், நிறுவலை மட்டும் வைத்துக்கொண்டார் என்று. தெல் ஃபெர்ரோவின் 1515 நமக்குக் கிடைப்பதே 1545இலிருந்து அந்த முப்பதைக் கழித்துத்தான். வாக்குத் தவறினார் என்று வேண்டுமானால் வாதிடலாம். பெயரை மறைத்தார் என்று சொல்ல இடமில்லை.

3. ஓரலகு

சுழியம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு. ஒளித்து வைத்தது ஒரே ஒரு யோசனை: தெரியாத எண்ணை இரண்டு எண்களின் வித்தியாசமாகப் பிரிப்பது.

ய = உ − வ என்று வையுங்கள். (உ − வ)³ஐ விரித்தால் இது எப்போதும் உண்மை:

(உ − வ)³ + 3உவ(உ − வ) = உ³ − வ³

இதை ய³ + ப·ய = ம என்பதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3உவ = ப, உ³ − வ³ = ம என்று அமைந்தால் வேலை முடிந்தது. ஆக, உ³, வ³ என்ற இரண்டு எண்களின் வித்தியாசம் ம, பெருக்கற்பலன் (ப/3)³. வித்தியாசமும் பெருக்கலும் தெரிந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது வெறும் இருபடிக் கணக்கு, பாபிலோனியர் காலத்திலிருந்தே தெரிந்தது. தார்த்தாலியாவின் செய்யுள் சொல்வதும் இவ்வளவுதான்: வித்தியாசம் இந்த எண்ணாக இருக்கும் இரண்டைத் தேடு, அவற்றின் பெருக்கம் பொருளின் (அதாவது ய-இன் கெழுவான ப-இன்) மூன்றிலொரு பங்கின் கனம், பிறகு கனமூலங்களைக் கழி.

கார்டானோவின் சொந்த எடுத்துக்காட்டு ய³ + 6ய = 20. வித்தியாசம் 20, பெருக்கம் 2³ = 8. எண்கள் √108 + 10, √108 − 10, அதாவது 20.3923, 0.3923. கனமூலங்கள் 2.7321, 0.7321. விடை 2. சரி பார்க்க: 8 + 12 = 20.

இந்த 2.7321 வேறொன்றுமில்லை, 1 + √3. அதன் கனம் 10 + 6√3, அதாவது 10 + √108. சூத்திரம் 2 என்ற எளிய விடையை இப்படிச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து தரும். சுருக்கத் தெரியாதவர் இரண்டு கனமூலங்களை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

4. பகாத்தனி

இதைக் கால்குலேட்டரில் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ய³ + 300ய = 2 எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2, பெருக்கம் 100³. எண்கள் 1001.0005, 999.0005. நான்கு தசமத்தில் கனமூலம் எடுத்தால் 10.0033, 9.9967. கழித்தால் 0.0066. உண்மை விடை 0.0066667. ஐந்து இலக்கம் துல்லியமாக வைத்திருந்தும் விடையில் இரண்டு இலக்கம்தான் தேறுகிறது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால் வரும் வழக்கமான நோய் இது.

மருந்து: கழிக்காதீர்கள். உ³ − வ³ = ம என்பதால் ய = ம / (உ² + உவ + வ²). அதே நான்கு தசம எண்களோடு 100.0660 + 100 + 99.9340 = 300.0000. விடை 0.0066667. நடுவிலுள்ள உவ எப்போதும் ப/3, அதைக் கணக்கிடவே வேண்டாம்.

5. சுழியம்

அருமை. ஆனால் ப குறை எண்ணாக இருந்தால்? ய³ = 15ய + 4க்கு 4 விடை என்று கண்ணாலேயே தெரிகிறது. சூத்திரத்தில் போட்டால் √−121 வருகிறதே.

6. ஓரலகு

அங்கேதான் கதையில் அடுத்த ஆள் நுழைகிறார். ரஃபேல் பொம்பெல்லி, 1572. இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறார். இந்த வகையில் கனமூலங்களைக் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். சூத்திரம் தருவது

∛(2 + √−121) + ∛(2 − √−121)

கார்டானோ இந்த வகையைக் கண்டு திகைத்து ஒதுங்கினார். பொம்பெல்லி, அந்த வேரையும் ஓர் எண் மாதிரியே பெருக்கிப் பார்ப்போம் என்றார். (2 + √−1)ஐக் கனப்படுத்துங்கள்: 8 + 12√−1 − 6 − √−1 = 2 + 11√−1. அதுவே 2 + √−121. ஆகவே கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1. கூட்டினால் 4.

சிக்கலெண்கள் ய² + 1 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்கப் பிறந்தவை என்று பல பாடநூல்கள் தொடங்கும். வரலாறு அப்படி நடக்கவில்லை. இருபடியில் குறை எண்ணின் வேர் வந்தால் "விடை இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடலாம். முப்படியில் விடை கண்முன்னே நிற்கிறது, வழியில்தான் குறை எண்ணின் வேர் குறுக்கே கிடக்கிறது. தாண்டாமல் போக முடியாது.

7. பகாத்தனி

ஒரு சின்னத் திருத்தம், ஓரலகு. பொம்பெல்லி (2 + √−1) என்று எப்படி ஊகித்தார்? விடை 4 என்று முன்பே தெரிந்ததால். அதில் பாதி 2. விடை தெரியாத ய³ + 1 = 3ய போன்றவற்றில் இந்த வித்தை நடக்காது. மூன்று மெய் மூலங்கள் இருந்து, அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண்ணாக இல்லாவிட்டால், மெய்யெண் வேர்களை மட்டும் வைத்து விடையை எழுதவே முடியாது. 1843இல் வான்ட்செல் நிறுவியது இது.

நடைமுறை வழி வியத் கொடுத்த கோண வழி. அவர் இறந்தபின் 1615இல் அச்சானது. ய³ = ப·ய + ம என்றால்:

கோசைன் θ = (ம/2) ÷ √((ப/3)³)
ய = 2√(ப/3) × கோசைன்(θ/3)

15ய + 4க்கு: கோசைன் θ = 2 / 11.1803 = 0.17889, θ = 79.695°, மூன்றிலொரு பங்கு 26.565°, அதன் கோசைன் 0.89443, பெருக்கினால் 4.4721 × 0.89443 = 4. மற்ற இரண்டு மூலங்களுக்கு θ/3 உடன் 120°, 240° கூட்டுங்கள்: −3.732, −0.268. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா பாகையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கவும். இதில் வரும் தவறுகளில் முக்கால்வாசி அதுதான்.

8. கனமூலம்

ஆக "கார்டானோ சூத்திரம்" என்ற பெயருக்குள் எத்தனை பேர்: யோசனை தெல் ஃபெர்ரோ, மறுகண்டுபிடிப்பு தார்த்தாலியா, வடிவியல் நிறுவலும் மற்ற வகைகளுக்கு விரிவாக்கமும் கார்டானோ, குறை எண்ணின் வேரைத் தாண்டியது பொம்பெல்லி, கோண வழி வியத். ய²உள்ள உறுப்பைக் களைய ய = ச − அ/3 என்று மாற்றும் உத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (அ என்பது ய²இன் கெழு). அது இல்லாமல் சூத்திரம் பொதுவான முப்படிக்குப் பொருந்தாது. குறை எண்களை ஏற்காததால் அவர்களுக்கு முப்படி ஒன்றல்ல, பதின்மூன்று தனித்தனி வகை. ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம், தனி நிறுவல். அந்த உழைப்பும், அதை அச்சில் கொண்டுவந்ததும் கார்டானோவினுடையவை. பெயர் அவருக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

9. ஏட்டுப்பிரதி

கனமூலம் சொல்லும் அளவுகோல் எனக்கு உடன்பாடில்லை. "அச்சில் கொண்டுவந்தவருக்கே பெயர்" என்றால் அச்சு இல்லாத இடத்தில் நடந்த கணிதம் எல்லாம் பெயரற்றுப் போகும். பையின் (π) தொடரையே பாருங்கள்.

பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + ...

லைப்னிட்ஸ் 1670களில் கண்டார், 1682இல் அச்சிட்டார். அதற்கு முன் 1671இல் ஜேம்ஸ் கிரெகரி பொதுவான வில்-டேன்ஜென்ட் தொடரைக் கடிதத்தில் எழுதினார். கேரளத்து சங்கமகிராம மாதவனின் காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. இந்தத் தொடர் அங்கே நிறுவலோடு இருக்கிறது, ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா'வில். சார்ல்ஸ் விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1830களில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் இதைப் பற்றி எழுதினார். அதன்பிறகும் நூறாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

10. பகாத்தனி

மாதவனே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் நூல் எதிலும் இந்தத் தொடர் இல்லை, ஏட்டுப்பிரதி. பின்வந்தவர்கள் "மாதவன் சொன்னது" என்று எடுத்தாள்வதை வைத்துத்தான் அவருக்குக் கொடுக்கிறோம். கேரளத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பதற்கு ஆவணமும் கிடையாது. "லைப்னிட்ஸ் எடுத்துக்கொண்டார்" என்று சொல்ல வந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

11. ஏட்டுப்பிரதி

எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவே இல்லை. இருவரும் தனித்தனியே கண்டார்கள். என் வாதம் வேறு: மாதவன் மரபில் தொடரோடு கூடவே வரும் ஒன்று லைப்னிட்ஸிடம் இல்லை. அதுதான் திருத்த உறுப்பு.

அந்தத் தொடரை அப்படியே கூட்டினால் பயனில்லை. ந உறுப்புகள் கூட்டினால் பையில் பிழை ஏறத்தாழ 1/ந. ஆறு தசமம் வேண்டுமென்றால் பத்து லட்சம் உறுப்பு. கேரளத்தார் கூட்டலை நிறுத்தும் இடத்தில், விடுபட்ட எச்சத்தை மதிப்பிட்டு ஒரு துண்டைச் சேர்த்தார்கள். மூன்று படிநிலை உண்டு:

முதலாவது: 1/(4ந)
இரண்டாவது: ந/(4ந² + 1)
மூன்றாவது: (ந² + 1)/(4ந³ + 5ந)

கடைசியாகச் சேர்த்த உறுப்பு கழித்தல் என்றால் திருத்தத்தைக் கூட்ட வேண்டும், கூட்டல் என்றால் கழிக்க வேண்டும். பிறகு மொத்தத்தை 4ஆல் பெருக்குங்கள்.

10 உறுப்போடு (−1/19 வரை) போட்டுப் பார்த்தால்:

திருத்தம் இல்லாமல் 3.0418396
முதல் திருத்தத்தோடு 3.1418396
இரண்டாவதோடு 3.1415902
மூன்றாவதோடு 3.1415927

பத்தே உறுப்பு, ஏழு தசமம்.

12. சுழியம்

இது எங்கிருந்து முளைக்கிறது? 4ந³ + 5ந என்பது யாருக்கும் சும்மா தோன்றாதே.

13. ஓரலகு

யுக்திபாஷாவில் உள்ள வாதத்தை இன்றைய குறியீட்டில் சொல்கிறேன். கடைசி ஒற்றை எண் ப என்க (முப்படியில் வந்த ப அல்ல). 1/(ப − 2) வரை நிறுத்திப் போடும் திருத்தமும், 1/ப வரை போய்ப் போடும் திருத்தமும் ஒரே விடையைத் தர வேண்டும். அதாவது அடுத்தடுத்த இரண்டு திருத்தங்களைக் கூட்டினால் 1/ப வர வேண்டும்.

இரண்டும் 1/(2ப) ஆக இருந்தால் சரியாக வரும். ஆனால் திருத்தம் இடத்துக்கு இடம் மாறும் ஒரே விதியாக இருக்க வேண்டும், இரண்டுமே 2ப என்று வைக்க வழியில்லை. அதனால் ஒன்றை 1/(2ப − 2), மற்றதை 1/(2ப + 2) என்று வைக்கிறார்கள். கூட்டினால் 1/பக்குப் பதில் ப/(ப² − 1). உபரி 1/(ப³ − ப). இந்த உபரிக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்தௌல்யம், பருமை. அதைக் குறைக்க வகுக்கும் எண்ணில் சிறு துண்டு சேர்க்கிறார்கள். ப = 2ந − 1 என்றால் 2ப + 2 = 4ந, அதுவே முதல் திருத்தம். அடுத்தது வகுக்கும் எண் 4ந + 1/ந. அதற்கடுத்தது 4ந + 1/(ந + 1/ந). கடைசியைச் சுருக்கினால் உங்கள் 4ந³ + 5ந தானே வந்து நிற்கும். தொடர் பின்னம் போல ஒவ்வொரு அடுக்காக இறங்குகிறது பாருங்கள்.

பகாத்தனியின் ஐயத்துக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. பிழையைப் பிழையாகவே கணக்கிட்டு, அதைக் குறைக்கும் முறையை வைத்திருந்தவர்கள் தொடரைத் தற்செயலாகத் தொட்டவர்களாக இருக்க முடியாது.

14. கனமூலம்

ஏட்டுப்பிரதி, உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதவன் 11 தசமம் வரை சரியாகச் சொன்ன பை மதிப்பு இந்தத் தொடரிலிருந்து வந்ததல்ல என்றுதான் நினைவு.

15. ஏட்டுப்பிரதி

ஆமாம், அதற்கு விரைவாக ஒடுங்கும் இன்னொரு தொடர்:

பை = √12 × (1 − 1/(3×3) + 1/(5×9) − 1/(7×27) + ...)

ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. 5 உறுப்புக்கு 3.1426. 21 உறுப்பு போட்டால் விடுபடும் அடுத்த உறுப்பு 0.000000000008க்குள் அடங்கிவிடும். கையால் போடுபவர் கவனிக்க வேண்டியது √12. அதில் உள்ள பிழை ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அப்படியே பையில் இறங்கும். 3.4641016 என்று ஏழு தசமத்தோடு நிறுத்திக்கொண்டு 21 உறுப்பைக் கூட்டுவது வீண் வேலை. வேரைக் குறைந்தது 13 தசமத்துக்கு எடுத்த பிறகே தொடரைத் தொட வேண்டும்.

16. மேருவரிசை

அச்சிட்டவருக்குப் பெயர் என்ற விதியை ஆட்டிப்பார்க்க லோபிதால் விதியைவிட நல்ல கணக்கு கிடையாது. மார்கி தெ லோபிதால் 1696இல் வெளியிட்ட நூல்தான் வகைநுண்கணிதத்தின் முதல் அச்சுப் பாடநூல். 0/0 விதி, அதாவது மேலும் கீழும் பூச்சியமாகும் பின்னத்துக்கு இரண்டையும் தனித்தனியே வகையிட்டு மதிப்புக் காணும் விதி, அதில் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1694 மார்ச் 17 தேதியிட்ட கடிதத்தில், அவர் யோஹான் பெர்னூலிக்கு ஆண்டுக்கு 300 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) தருவதாக எழுதினார். பதிலுக்குப் பெர்னூலி தம் கண்டுபிடிப்புகளை அவருக்குச் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் விதி கடிதத்தில் போய்ச் சேர்ந்தது. லோபிதால் முன்னுரையில் பெர்னூலி சகோதரர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார், எது யாருடையது என்று பிரிக்கவில்லை. 1704இல் அவர் இறந்தபின் பெர்னூலி உரிமை கோரினார், பெரும்பாலோர் நம்பவில்லை. 1922இல் பெர்னூலியின் விரிவுரைக் கையெழுத்துப்படி அச்சாயிற்று, 1955இல் கடிதங்கள். அப்போதுதான் அவர் சொன்னது மெய் என்று தெளிவானது.

காசு கொடுத்து வாங்கியது. இதைத் திருட்டு என்பீர்களா?

17. கனமூலம்

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் வரலாற்றுக்கு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லையே.

18. பகாத்தனி

அந்த நூலின் முதல் எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுகிறேன், இன்றும் நல்ல பயிற்சி. மாறிலியை 1 என்று வைத்தால்:

(√(2ய − ய⁴) − ∛ய) / (1 − ⁴√(ய³)), ய = 1இல்

மேலும் கீழும் பூச்சியம். தனித்தனியே வகையிடுங்கள். மேலே (2 − 4ய³)/(2√(2ய − ய⁴)) → −1, அதிலிருந்து 1/3 கழித்தால் −4/3. கீழே −3/4. விடை 16/9, அதாவது 1.7778.

விதி இல்லாமல் எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ய = 0.999 வைத்து நான்கு தசமத்தில் கணக்கிட்டால் 0.0013 / 0.0008 = 1.625 வரும். ஒன்பது தசமம் வைத்தால் 1.773. முப்படியில் சொன்ன அதே கழித்தல் நோய், இங்கே மேலும் கீழும் சேர்ந்து அடிக்கிறது.

மாணவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. முழுப் பின்னத்தையும் வகுத்தல் விதியால் வகையிடுவது ஒன்று. 0/0 இல்லாத இடத்தில் விதியைப் போடுவது மற்றொன்று. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் நிபந்தனையைப் பார்க்க வேண்டும்.

19. சுழியம்

இராமானுஜனை யாரும் இன்னும் இழுக்கவில்லையே. 1729 அவர் கண்டுபிடித்ததுதானே?

20. மேருவரிசை

இல்லை. 1729 = 1³ + 12³ = 9³ + 10³ என்பது ஃப்ரெனிக்ல் தெ பெஸ்ஸி 1657லேயே குறித்தது. இராமானுஜன் விஷயத்தில் பெயர் பற்றிப் பேச வேண்டுமென்றால் ராஜர்ஸ்–இராமானுஜன் சமனிகள்தான் சரியான இடம். 1913க்கு முன்பே அவரிடம் அவை இருந்தன, நிறுவல் இல்லை. ஹார்டி பலரிடம் கேட்டார், யாராலும் நிறுவ முடியவில்லை. 1917இல் இலண்டன் கணிதக் கழகத்தின் பழைய இதழ்களைப் புரட்டியபோது ராஜர்ஸ் 1894இல் எழுதிய கட்டுரை இராமானுஜன் கண்ணில் பட்டது. நிறுவலோடு அச்சாகி, ஒருவரும் படிக்காமல் கிடந்திருக்கிறது. அதே சமயத்தில் ஜெர்மனியில் ஷூரும் தனியே கண்டார். அச்சிட்டவருக்கே பெயர் என்றால் இராமானுஜன் பெயருக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ராஜர்ஸ் பெயர் தூசியிலேயே கிடந்திருக்கும்.

ஓர் எண்ணைக் கூட்டல் பகுதிகளாகப் பிரிக்கும் இரண்டு வேறு விதிகள் எப்போதும் ஒரே எண்ணிக்கையைத் தரும் என்பதே சமனி. அதை 9ஐ வைத்துச் சோதிக்கலாம். பகுதிகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 2 வித்தியாசம்: 9, 8+1, 7+2, 6+3, 5+3+1. ஐந்து. 5ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வரும் பகுதிகள் மட்டும்: 9, 6+1+1+1, 4+4+1, 4உடன் ஐந்து 1, ஒன்பது 1. ஐந்து. 5+4ஐ முதல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், வித்தியாசம் 1தான்.

21. சுழியம்

ஃபிபொனாச்சி எண்களும் யாப்பிலிருந்து வந்தவை என்கிறார்களே? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வைத்து எண்ணினால் வருமாமே.

22. மேருவரிசை

வரும். 4 மாத்திரைக்கு 1111, 112, 121, 211, 22 என்று ஐந்து அமைப்பு. கடைசி அசை 1 என்றால் முன்னால் 3 மாத்திரை, 2 என்றால் முன்னால் 2 மாத்திரை. ஆகவே முந்தைய இரண்டின் கூட்டல். வடமொழி, பிராகிருத யாப்பு பற்றி எழுதிய விரகாங்கர் சொல்லி, ஹேமசந்திரர் 1150 வாக்கில் தெளிவாக எழுதியது. பீசாவின் லியோனார்டோ முயல் கணக்கை எழுதியது 1202. அவருக்கு "ஃபிபொனாச்சி" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில், எண்வரிசைக்கு அதை ஒட்டவைத்தவர் எதுவார் லூக்கா. லியோனார்டோ தனக்கென்று அதைக் கேட்கவே இல்லை.

23. ஏட்டுப்பிரதி

குறில் நெடில் என்று நேராகப் பொருத்தாதீர்கள். அவர்கள் எண்ணியது வடமொழி யாப்பின் இலகு (ஒரு மாத்திரை அசை), குரு (இரண்டு மாத்திரை அசை). குறிலுக்குப் பின் கூட்டெழுத்து வந்தால் அதுவும் குரு, இரண்டு மாத்திரை. தமிழில் குறிலோடு ஒற்றுச் சேர்ந்தால் ஒன்றரை மாத்திரை. எண்ணிக்கை வாதம் மாறாது, பெயர்கள்தான் மாறும்.

24. சுழியம்

கடைசியாக ஒன்று, ஏட்டுப்பிரதி. மாதவனின் 11 தசமப் பை செய்யுளில் இருக்கிறது என்கிறார்களே, எண்ணை எப்படிச் செய்யுளாக்கினார்கள்?

25. ஏட்டுப்பிரதி

பூதசங்க்யை முறை. எண்ணுக்குப் பதில், அந்த எண்ணிக்கையில் உலகில் உள்ள பொருளின் பெயர். செய்யுளில் வரும் வரிசை: விபுத (தேவர், 33), நேத்ர (கண், 2), கஜ (யானை, 8), அஹி (பாம்பு, 8), ஹுதாசன (தீ, 3), த்ரி (3), குண (3), வேத (4), ப (நட்சத்திரம், 27), வாரண (யானை, 8), பாஹு (கை, 2). ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவது வழக்கம், அதனால் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி எழுத வேண்டும்: 2, 8, 27, 4, 3, 3, 3, 8, 8, 2, 33. சேர்த்தால் 2827433388233. ஒன்பது நிகர்வம், அதாவது 900000000000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு இது. வகுத்தால் 3.14159265359.

வாசிக்கும்போது வழுக்கும் இடம் அந்த "ப". ஓரெழுத்துச் சொல் ஆயிற்றே என்று ஓர் இலக்கம் போட்டால் மொத்தம் 12 இலக்கமாகிவிடும், வகுத்தால் 3க்குப் பதில் 0.3இல் தொடங்கும். அந்தப் பிழை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இடமிருந்து வலமாக வாசித்தால் 33இல் தொடங்கி 3.7 என்று வரும், அதையும் உடனே பிடித்துவிடலாம். பிடிபடாதது ஒன்றுதான்: ஏடு பெயர்த்தவர் ஒரு சொல்லுக்குப் பதில் அதே அசையளவுள்ள இன்னொரு சொல்லை எழுதிவிட்டால். தளை தட்டாது, இலக்கம் மாறிவிடும். அதற்குத்தான் √12 தொடரை வைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பது.